கூரைமேல் அப்போலோனியா

மூன்று நாட்களாக அந்தக் குழந்தை அழவில்லை.

அப்போலோனியா பிரசவத்தில் இறந்த அன்றே, அவள் கணவன் ஓட்மார் குழந்தையைக் கொண்டுவந்து வால்புர்காவின் மடியில் போட்டிருந்தான். நொய்ஃபெல்ட் என்ற ஊர் உண்டாகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. இருந்த பதினோரு குடும்பங்களில் கைப்பிள்ளைக்காரி வால்புர்கா ஒருத்திதான். மாவு வாங்க ரயிலடிக்குப் போன அவள் கணவன் பனிப்புயலுக்குப் பிறகு திரும்பவில்லை. நீர்த்த கஞ்சியில் அவளுக்குப் பால் வற்றிக்கொண்டே வந்தது. இருந்ததைத் தன் மகன் யோஸ்டுக்குக் கொடுத்தாள். மற்றதற்குச் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த துணி. யாரிடமும் சொல்லவில்லை.

ஆனால் யோஸ்ட் மெலிந்தான். அந்தக் குழந்தை கொழுத்தது.

உறைந்த தரையில் கடப்பாரை இறங்கவில்லை. அதனால் ஓநாய்க்கு எட்டாதபடி, ஊரிலேயே உயரமான வால்புர்காவின் கூரைமேல், அப்போலோனியாவைக் கித்தானில் சுற்றிக் கயிற்றால் கட்டிக் கிடத்தியிருந்தார்கள். பனி இளகியதும் புதைப்பதாக ஏற்பாடு.

அன்று நடுப்பகல், வெளியே வெயில் பனியில் பட்டுக் கண்ணைக் கூச, புல்மண் கட்டிகளை அடுக்கிக் கட்டிய அந்த வீட்டுக்குள் மட்டும் ஈரமண் வாடையும் வைக்கோல் புகையும் கலந்த இருட்டு தங்கியிருக்க, அடுப்பின் முன் உட்கார்ந்திருந்த வால்புர்காவுக்கு உத்தரம் மெல்ல முனகுவதும், பிறகு எங்கோ பொலபொலவென்று மண் உதிர்வதும் கேட்டது. எழுந்துபோய்த் தொட்டிலைப் பார்த்தாள். மண் இல்லை. குழந்தையின் கடைவாயில் ஏதோ வெள்ளையாக ஒட்டியிருந்தது. விரலால் தொட்டாள். பனிக்கட்டிபோல் சில்லிட்டது. முகர்ந்தாள்.

பால்.

வெளியே ஓடினாள். வைக்கோல் கட்டிக்கொண்டிருந்த ஓட்மார் நிமிர்ந்தான்.

"ஓட்மார், கூரைல ஏதோ அசையுதுப்பா."

"பனி பாரம்தான்க்கா. உசுரோட இருந்தப்பவே அவ ஏணின்னா நடுங்குவா, இப்பவா எந்திரிச்சு நடக்கப் போறா?" சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

"ஏறிப் பாரேன்."

ஏணியைச் சாத்தி ஏறினான். கீழிருந்து அவன் பூட்ஸ் மட்டும் தெரிந்தது.

"கட்டின கயிறு இருக்கா?" என்று கீழிருந்து கேட்டாள்.

"இருக்கு. முடிச்சுகூட அவுரல. பனிமேல கால்தடம் ஒண்ணும் இல்ல." பூட்ஸ் ஓரடி பின்னால் நகர்ந்தது. "அக்கா, இவள நாம குப்புறவா படுக்க வச்சோம்?"

"மல்லாக்கத்தானே வச்சோம். நான்தானே முகத்த மூடினேன்."



வால்புர்கா உள்ளே ஓடினாள். வெளிச்சத்திலிருந்து வந்த கண்ணுக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு சத்தம் மட்டும்.

சொட்டு.

தொட்டிலுக்கு நேர்மேலே கூரைமண் கீழ்நோக்கிப் புடைத்திருந்தது. ஈரமாக. அதன் நுனியில் ஒரு வெள்ளைத் துளி திரண்டது. விழுந்தது. குழந்தை வாயைத் திறந்து வாங்கிக்கொண்டது.

"யோஸ்ட்," என்றாள்.

கட்டிலில் அவன் கண் திறந்தபடி கிடந்தான். அசைவில்லை. அவனுக்கு மேலேயும் கூரை புடைத்திருந்தது. அங்கிருந்து மண் உதிர்ந்துகொண்டிருந்தது, மெதுவாக, ஊட்டுவதுபோல.

அவன் வாய் நிரம்பியிருந்தது.