நீலமாகாத இரண்டு டிக்

"செத்துப்போன எங்க அம்மாவோட போனுக்கு நான் அனுப்பற மெசேஜ் போய்ச் சேர்ந்துக்கிட்டிருந்துது மேடம். அந்தப் போனை யார் வச்சிருக்காங்கன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க" என்றாள் அந்தப் பெண்.

துப்பறிவாளர் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினார். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. ரயில் நிலையத்தில் தொலைந்த பொருட்களைத் திருப்பித் தரும் பிரிவில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, பிறகு இந்தத் தொழிலுக்கு வந்தவர். குடையைத் தொலைத்துவிட்டு வருகிறவரிடம் குடையைப் பற்றி மட்டும் கேட்டுப் பிரயோஜனமில்லை, வீட்டைப் பற்றியும் கேட்க வேண்டும் என்பது அவர் அங்கே கற்ற பாடம்.

அவருடைய உதவியாளருக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. ஆனால் எல்லோருக்கும் அவர் 'அவசரம்'தான். முன்பு இன்சூரன்ஸ் பாலிசி பிடித்துக்கொண்டிருந்தவர். வாடிக்கையாளர் யோசிப்பதற்குள் பேனாவை நீட்டிவிடுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. "திருட்டுதான் மேடம், சந்தேகமே இல்லை" என்று இப்போதும் முந்திக்கொண்டார்.

"அவங்க சொல்லட்டும்" என்றார் மேடம்.

அந்தப் பெண்ணின் நகக்கண்களில் வெள்ளைச் சாந்து ஒட்டியிருந்தது. பல் செட் செய்யும் லேபில் வேலை என்றாள். கையை மடியில் மறைத்துக்கொண்டு பேசத் தொடங்கினாள்.

"அம்மா துணி ஆல்டர் பண்றவங்க. போனுக்கு டேட்டாவே போட மாட்டாங்க. காபி கடைல வைஃபை சும்மா கிடைக்குது, அதுக்குப் போய் யாராவது காசு குடுப்பாங்களான்னு கேப்பாங்க. காலைல துணியை டெலிவரி பண்ணிட்டு, பஸ் ஸ்டாப் பக்கத்துக் கடைல ஒரே ஒரு காபியை வாங்கி வச்சுக்குவாங்க. உலகத்துல இருக்கிற எல்லாருக்கும் குட்மார்னிங் அனுப்பிட்டுத்தான் எழுந்திருப்பாங்க. நான் அனுப்பினதுக்கு ரெண்டு டிக் விழுந்தா, அம்மா காபி கடைக்கு வந்தாச்சுன்னு அர்த்தம்."

சொல்லும்போது சிரிப்பு வந்தது. பாதியிலேயே நின்றுவிட்டது.

"மழைக்காலத்துல அம்மா தவறிட்டாங்க. நான் மட்டும் ராத்திரி ராத்திரி அவங்களுக்கு ஏதாவது எழுதி அனுப்பிக்கிட்டே இருந்தேன். பைத்தியக்காரத்தனம்னு தெரியும். ஒரு வாரம் ஒத்தை டிக்தான். ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த பையில போன் அணைஞ்சு கிடக்கும்னு நினைச்சேன். அப்புறம் ஒரு நாள் காலைல பல் அச்சுக்கு மாவு கலக்கிட்டிருக்கேன், மொத்தமா ரெண்டு டிக் விழுது. அன்னைக்குச் சாயங்காலம் அப்பாவைக் கேட்டேன். போன் ஆஸ்பத்திரிலயே தொலைஞ்சு போச்சுன்னார்."

"கூப்பிட்டுப் பாத்தீங்களா?" என்று கேட்டார் அவசரம்.

"சிம் எப்பவோ செத்துடுச்சு. போலீஸ்ல, வேற சிம் போட்டாத்தான் பிடிக்க முடியும்னு சொல்லிட்டாங்க."

"அதுக்கப்புறமும் டிக் விழுந்துதா?" என்றார் மேடம்.

"ஞாயித்துக்கிழமை தவிர தினம் காலைல விழும். ஆனா ஒரு தடவை கூட நீலம் ஆனதில்லை. யாரோ எடுத்துக்கிட்டாங்க, போகட்டும், போய்ச் சேருதே, அது போதும்னு இருந்தேன். போன வாரத்துலேர்ந்து அதுவும் நின்னுடுச்சு. அழிச்சுட்டு வித்துட்டாங்களோன்னு பயமா இருக்கு மேடம். போன் வேணாம். அதுல அம்மா எனக்காகப் பேசி வச்சது இருக்கு. ஆஸ்பத்திரில இருக்கும்போது, 'உனக்கு ஒண்ணு ரெக்கார்டு பண்ணி வச்சிருக்கேன், இங்க வைஃபை இல்லை, வெளில வந்ததும் அனுப்பறேன்'னாங்க. அவங்க வெளில வரவே இல்லை."

அவசரம் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார்.

"வீட்டுல யார் யார் இருக்கீங்க?" என்று மேடம் மெதுவாகக் கேட்டார்.

"நானும் அப்பாவும்தான். தண்ணி பம்ப் ஸ்டேஷன்ல வேலை பாக்கறார். எங்களுக்குள்ள சண்டை இல்லை மேடம். பேச்சும் இல்லை. எல்லாமே அம்மா வழியாத்தான். முன்னைக்கு இப்பப் பரவாயில்லை, குழாயைச் சரி பண்ணார், டிவி சத்தத்தைக் குறைச்சிட்டார். ஒரு வாரமா என் ரூம் வாசல்ல வந்து நிக்கிறார். 'உடம்பு ஏதும் சரியில்லையா'ங்கறார். இல்லைன்னு சொன்னாப் போயிடறார்."

"வீட்டுல வைஃபை?"

"கிடையாது. நான் என் டேட்டாவை வச்சுக்கறேன். அப்பாகிட்ட இருக்கிறது பட்டன் போன்."

"அம்மா போனோட சார்ஜர் எங்க இருக்கு?"

அந்தக் கேள்வி அவளுக்கு விளங்கவில்லை. "அது அப்பா கட்டில்கிட்ட ப்ளக்லயே மாட்டியிருக்கு. எடுக்க அவருக்கு மனசு வரலை போல."

"போனைத் திறக்கிற நம்பர்?"

"அம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்."

"நீ அனுப்பினதை நான் படிச்சுப் பாக்கலாமாம்மா? இஷ்டமில்லைன்னா வேண்டாம்."

அவள் சற்றுத் தயங்கிவிட்டுப் போனை நீட்டினாள். மேடம் நிதானமாகப் படித்தார். முதல் வாரத்தில் எழுதிய ஒன்றில் விரல் நின்றது. *அப்பா நினைச்சிருந்தா உன்னை முன்னாடியே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருக்கலாம். அவர் சும்மா இருந்ததாலதான் உன்னை இழந்துட்டேன். என்னால மன்னிக்க முடியலை.* அதற்குக் கீழே அன்றாடப் புலம்பல்கள். *பாத்ரூம் குழாய் ராத்திரி பூரா சொட்டுது ம்மா, தூக்கமே இல்லை.* *டிவி அலறுது, தலை வெடிக்குது.* போனைத் திருப்பிக் கொடுக்கும்போது மேடத்தின் முகம் வாடியிருந்தது.

அன்று பிற்பகலே மேடமும் அவசரமும் அந்தக் காபி கடைக்குப் போனார்கள். சின்னக் கடை. தெருவைப் பார்த்த கண்ணாடி ஜன்னல், அதையொட்டி ஒற்றை மேசை. கல்லாவுக்குப் பின்னால் இருந்த கரும்பலகையில் எதையோ துடைத்து அழித்த தடம் தெரிந்தது.

"வைஃபை பாஸ்வேர்டை அங்கதான் எழுதியிருந்தேன்" என்றார் கடைக்காரர், கேட்காமலே. இந்த விஷயத்தில் அவருக்கு நிறைய ஆத்திரம் இருந்தது. "கடை திறந்த நாள்லேர்ந்து ஒரே பாஸ்வேர்டு. ஊரே மனப்பாடம் பண்ணி வச்சுக்கிச்சு. காபி குடிக்காம வாசல்ல உக்காந்தே சினிமா பாக்கறாங்க மேடம்! போன வாரம் மாத்திட்டேன். இப்பக் கேட்டாத்தான் சீட்டுல எழுதிக் குடுக்கறது."

"மாத்தினதுக்கு யாராவது சண்டை போட்டாங்களா?"

"சண்டைன்னு இல்லை. ஒருத்தர் வருவார், பாவம். ஞாயித்துக்கிழமை தவிர தினம் காலைல அந்த ஜன்னல் சீட்டுலதான் உக்காருவார். முன்னாடி ஒரு அம்மா அங்கதான் உக்காருவாங்க. சில மாசமா அவங்களைக் காணோம். இவர் மாத்தின அன்னைக்கே வந்து வைஃபை வரலையேன்னார். புதுசை எழுதிக் குடுத்தேன். போன்ல போடாம மடிச்சுப் பாக்கெட்ல வச்சுக்கிட்டார். மறுநாள் வந்து, 'பழைய பாஸ்வேர்டையே திரும்ப வைக்க முடியுமா'ன்னு கெஞ்சறார். நான் போட்டுத் தரேன்னேன். போனைக் குடுக்கவே மாட்டேன்னுட்டார்."

வெளியே வந்ததும் அவசரம் குதித்தார். "மாட்டிக்கிட்டான் மேடம்! நாளைக்குக் காலைல போலீஸோட வந்து அமுக்கிடலாம்."

"காலைல வரலாம், போலீஸ் வேண்டாம்" என்றார் மேடம். "அந்தப் பொண்ணை வரச் சொல்லுங்க."

மறுநாள் காலை, கடையின் உள்பக்கம் தூணுக்குப் பின்னாலிருந்த மேசையில் மூவரும் உட்கார்ந்தார்கள். ஜன்னல் மேசை காலியாக இருந்தது. காபி ஆறிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் அதைத் தொடவே இல்லை.

"முதல்ல ஒண்ணு. போன் அழியலை, விக்கலை" என்றார் மேடம். அவள் கண்களை மூடித் திறந்தாள். "ஒரு தடவை சேர்ந்த வைஃபையைப் போன் மறக்காது. பக்கத்துல வந்தாலே தானாச் சேர்ந்துக்கும். சிம் வேண்டாம், பூட்டைத் திறக்க வேண்டாம். யாரோ தினம் அதை எடுத்துக்கிட்டு இந்தக் கடைக்கு வந்தாங்க. அதான் ரெண்டு டிக். போன வாரம் பாஸ்வேர்டு மாறிச்சு. புதுசைப் போடணும்னா பூட்டைத் திறந்தாகணும். வச்சிருக்கிறவருக்கு அந்த நம்பர் தெரியாது. அதான் நின்னுபோச்சு."

"திறக்கத் தெரியாத போனை வச்சுக்கிட்டுத் திருடன் என்ன பண்ணுவான் மேடம்?" என்றார் அவசரம்.

"அதேதான். திருடன்னா அன்னைக்கே எல்லாத்தையும் அழிச்சுட்டு வித்திருப்பான். இந்தப் போன் ஒரு தடவை அணைஞ்சு திரும்ப எழுந்திருந்தாக்கூட, நம்பரைப் போடற வரைக்கும் மெசேஜ் இறங்காது. ஆனா இத்தனை மாசமா இறங்கியிருக்கு. அப்படின்னா அது ஒரு நாள் கூட அணையலை. ராத்திரி தவறாம யாரோ சார்ஜ் போட்டிருக்காங்க. எந்தத் திருடன் அவ்வளவு பொறுப்பாப் பாத்துக்குவான்?"

அந்தப் பெண் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மேடம் அவள் கையின் மேல் தன் கையை வைத்தார்.

"நீல டிக் விழலைன்னா படிக்கலைன்னு அர்த்தமில்லைம்மா. பூட்டியிருந்தாலும் வர்ற மெசேஜ் மேல தெரியும். உள்ள போகாம அதை மட்டும் படிக்கலாம். குழாய் சொட்டுதுன்னு நீ யார்கிட்ட சொன்னே?"

"அம்மாகிட்ட... அம்மாவுக்கு எழுதினேன்."

"டிவி அலறுதுன்னு?"

அவள் தன் போனை எடுத்து, அனுப்பியதையெல்லாம் மேலே தள்ளிப் பார்த்தாள்.

"மெசேஜ் வர்றது நின்ன வாரத்துலேர்ந்துதான் உன் ரூம் வாசல்ல வந்து நிக்கிறார். நீ எப்படி இருக்கேன்னு தெரிஞ்சுக்க அவருக்கு வேற வழி இல்லை. பட்டன் போன் வச்சிருக்கிறவர் கட்டில்கிட்ட அம்மா சார்ஜர் எதுக்கு?"

"மேடம்... அப்ப, முதல் வாரத்துல நான் எழுதினதையும்..."

"அதையும்தான். முதல் தடவை ரெண்டு டிக் விழுந்தப்பவே அது போய்ச் சேர்ந்துடுச்சு. அன்னைக்குச் சாயங்காலம்தான் நீ போனைக் கேட்டே."

அப்போது கண்ணாடிக் கதவு திறந்தது. பம்ப் ஸ்டேஷனின் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் உள்ளே வந்து, யாரையும் பார்க்காமல் ஜன்னல் மேசையில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய போனை எடுத்து மேசைமேல் வைத்தார். திரையைத் தட்டிப் பார்த்தார். அங்கே எதுவும் வரவில்லை. மறுபடியும் தட்டினார்.

மகள் எழுந்து போய் எதிரே நின்றாள். அவர் சட்டென்று போனை உள்ளங்கையால் மூடினார். மறைத்துப் பயனில்லை என்று புரிந்ததும் கையை எடுத்துவிட்டார்.

"தொலைஞ்சு போச்சுன்னு பொய் சொல்லிட்டேம்மா" என்றார். "அவ உக்கார்ற இடத்துல கொஞ்ச நேரம் உக்காரலாம்னு வந்தேன். வந்த உடனே நீ எழுதினதெல்லாம் வர ஆரம்பிச்சுது. நீ கேட்டப்பவே குடுத்திருக்கணும். குடுத்துட்டா உன்னைப் பத்தி ஒண்ணுமே தெரியாமப் போயிடுமேன்னு..."

அவள் உட்கார்ந்து நான்கு எண்களைப் போட்டாள். பூட்டு திறந்தது. அவர் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த சீட்டை எடுத்து நீட்டினார். புதிய பாஸ்வேர்டைப் போட்டதும், ஒரு வாரமாக வழியில் நின்றிருந்ததெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்து, போன் மேசைமேல் அதிர்ந்துகொண்டே இருந்தது. அது அடங்கியதும் அவள் ரெக்கார்டரைத் தேடித் திறந்தாள்.

கூட்டமில்லாத அந்தக் கடையில் அம்மாவின் குரல், இளைப்புடன், ஆனால் கண்டிப்பாகவே கேட்டது. "இங்க பாரு, இங்க வைஃபையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அதான் பேசி வைக்கறேன். டாக்டர்கிட்ட போலாம்னு உங்கப்பா வெயில் காலத்துலேர்ந்தே சொல்லிக்கிட்டிருந்தார். நான்தான் இந்தத் துணி முடியட்டும், அந்தத் துணி முடியட்டும்னு தள்ளிப் போட்டேன். உன்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அவர் வாயை அடைச்சு வச்சேன். எனக்கு ஏதாவது ஆச்சுன்னா அவரைக் குத்தம் சொல்லிடாதே. அந்த மனுஷன் வாயைத் திறந்து சொல்லவும் மாட்டார்."

தூணுக்குப் பின்னால் அவசரம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேடம் தலை குனிந்திருந்தார்.

"ஏம்ப்பா?" மகளுக்கு அழுகை முட்டியது. "நான் அப்படி எழுதினதைப் படிச்சுமா சொல்லலை?"

"அவளே போயிட்டா. அவ மேல எப்படிம்மா பழியைப் போடறது?"

தன்னைக் குற்றமற்றவராக்கும் குரலை இத்தனை மாதங்கள் அவர் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். அது உள்ளே இருப்பது அவருக்குத் தெரியாது. தெரிந்த மகளிடமோ போன் இல்லை.

"இப்ப வந்ததைப் படிக்கலாமா?" என்று அவர் கேட்டார், அனுமதி கேட்கிறவர் போல.

அவள் போனை அவர் பக்கம் தள்ளினாள். அவர் விரலால் தொட்டுத் திறந்தார். மகளின் கையிலிருந்த அவளுடைய போனில் அத்தனை டிக்குகளும் நீலமாயின. அவர் ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டே வந்து, கடைசியில், நேற்று இரவு அவள் அம்மாவுக்கு எழுதியிருந்ததில் நின்றார்.

*அப்பாகிட்ட எப்படிப் பேசறதுன்னே தெரியலை ம்மா.*

போனைக் கீழே வைத்துவிட்டு மகளை நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கும்தான் தெரியலைம்மா" என்றார்.