கீழே நிற்க ஓர் ஆள்

தகூமா எழுந்தான். மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்தான். அரிசி களைந்து குக்கரில் போட்டான். மிசோ சூப்புக்கு முள்ளங்கி நறுக்கினான். மூன்று கிண்ணங்களை எடுத்து, ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைத்தான். பிறகுதான் அடுப்புக்கு மேலே கொடியில் தொங்கிய மனைவி சயோவின் ரப்பர் கையுறைகளைக் கவனித்தான். நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அவை எப்போதோ காய்ந்துவிட்டவை.

சயோ அடுத்த அறையில் கிடந்தாள். திங்களன்று பனி வாரக் கூரையேறினாள். தகூமா கீழே நின்று குரல் கொடுத்தான். அவள் கூரைப் பலகையைத் தட்டிப் பதில் சொன்னாள். ஒரு தடவை பதில் வரவில்லை. கூரைப் பனி மொத்தமாகச் சரிந்து அவளையும் இழுத்து வந்தது. பக்கத்து வீட்டு ஓபாதாவும் அவனும் தோண்டியெடுத்தபோது மூச்சில்லை. எரியூட்ட நகரத்துக்குப் போகவேண்டும். சாலை மூடிக்கிடந்தது. அறை குளிர்ந்திருக்க ஜன்னலைத் திறந்துவைத்து, வெள்ளை உடை உடுத்தி, முகத்தில் வெள்ளைத் துணி போர்த்தி, தலைமாட்டில் ஊதுபத்தி அணையாமல் பார்த்துக்கொண்டான்.

பனிக்காக அந்த ஒரு ஜன்னல் தவிர மற்றவற்றுக்கெல்லாம் பலகையடித்த கீழ்த்தளத்தில் பகலும் அந்தியாகவே இருந்தது. ஊதுபத்திப் புகையும் மண்ணெண்ணெயும் ஈரக் கம்பளியும் ஒன்றாய் நாற, பனியின் பாரத்தில் உத்தரங்கள் கிழவர்களைப்போல் முனக, அந்த முனகல்களுக்கு நடுவே தலைக்கு மேலே, நிதானமாக, கைதேர்ந்த யாரோ வாருவதுபோல ஒரு சத்தம் கேட்டது. சரக். பொத்.

ஊறுகாய் கொண்டுவந்த ஓபாதா வாசலிலேயே நின்று மேலே பார்த்தார்.

“திங்களுக்கப்புறம் பெஞ்சதுல ஊர்க் கூரையெல்லாம் ஆளுயரம் பனி. உன்னுது மட்டும் பாதி சுத்தமா இருக்கு. கணக்கு வாத்தியாருக்கு இந்த வேலைகூட வருமா?” என்றவர், குரலைத் தணித்தார். “தனியா ஏறாதப்பா. கீழ ஒரு ஆள் நிக்கணும்.”

தகூமா கூரையில் ஏறவேயில்லை.

அவர் போனதும் மகள் நவோ அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஐந்து வயது.

“கீழ ஆள் இல்லன்னுதாம்ப்பா அம்மா இறங்க மாட்டேங்குறா. என்னை வந்து நிக்கச் சொல்றா.”

அவளைத் தூக்கிக்கொண்டுபோய்க் காட்டினான். அம்மா இங்கேதான் இருக்கிறாள், பார் என்றான். குழந்தை பார்த்தது. தலையாட்டியது. சயோவின் கூந்தலில் பனித்தூள் இருந்தது. ஜன்னல் வழியாக வந்திருக்கும். துடைத்தான். ஜன்னலைச் சாத்தித் தாழிட்டான்.

மறுநாள் காலை அடுப்பு. அரிசி. இரண்டு கிண்ணம். கொடியில் கையுறைகள் இல்லை.

ஊதுபத்தி வாசனையும் இல்லை.

கதவை நகர்த்தினான். படுக்கை வெறுமையாக இருந்தது. வெள்ளைத் துணி நாலாய் மடித்து வைக்கப்பட்டிருந்தது, அவள் துணி மடிக்கிற மாதிரியே. ஜன்னல் திறந்திருந்தது.

சரக். பொத்.

நவோவைக் கூப்பிட்டான். வாசலுக்கு ஓடினான். சின்ன பூட்ஸ் இல்லை.

“நிக்கிறேம்மா.” வெளியிலிருந்து வந்தது குரல்.

வெறுங்காலோடு பாய்ந்தான். கூரைவிளிம்புக்கு நேர் கீழே குழந்தை. அண்ணாந்த முகம். சிரிப்பு. இரண்டு கைகளும் மேலே. அங்கே, வெடித்துப் பிளந்த பனிக்கு அப்பால், குனிந்த வெள்ளை உடை. நீண்டு வரும் ரப்பர் கையுறை.

பனி நகர்ந்தது.

திங்களன்று, ஏணியின் முதல் படியில் கால் வைத்துத் திரும்பி, சயோ உண்மையில் கடைசியாகச் சொன்னது இதுதான்:

“நான் இறங்கி வர்ற வரைக்கும் புள்ளய வெளிய விடாத.”