இரண்டு கதவு வண்டி

முதுகில் ஒரு முட்டி இடித்தது. கிளினிக்கை மூடிவிட்டுத் தனியாகக் காரில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பல் டாக்டர் அப்போது சிக்னலில் நின்றிருந்தாள். பின் சீட்டில் யாரும் இல்லை. ஆனாலும் சின்னப் பிள்ளைகள் பின்னால் உட்கார்ந்துகொண்டு முன் சீட்டை முழங்காலால் முட்டுவார்களே, அப்படியேதான் இருந்தது, இடுப்புக்குச் சற்று மேலே, மெத்தையைத் தாண்டி உருண்டையாக ஓர் அழுத்தம். வந்தது, கொஞ்ச நேரம் இருந்தது, விலகியது. அவள் பயப்படவில்லை. கணவனைத் திட்டினாள்.

வண்டி அவனுடைய திருப்பணி. வீட்டில் நல்ல பெரிய கார் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அவசரத்துக்கு இன்னொன்று இருக்கட்டும் என்று இந்தக் குட்டிக் காரைப் பழையதாகப் பார்த்து வாங்கி வந்தான். சிவப்பு நிறம், பக்கவாட்டில் இரண்டு கறுப்புக் கோடு, பின்னால் வால் மாதிரி ஒரு ஸ்பாய்லர், கதவு மொத்தமே இரண்டு. பின்னால் ஏற வேண்டுமென்றால் முன் சீட்டை மடக்கி, குனிந்து, பொந்துக்குள் நுழைவதுபோல் நுழைய வேண்டும். நாற்பத்தெட்டு வயதில் அந்தத் தொப்பையோடு ரேஸ் விடப் போகிறாராம். ஆசை இருக்கிறது தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கிறது கழுதை மேய்க்க. இரண்டே வாரத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது, துரை பெரிய காருக்கே திரும்பிவிட்டார். குட்டி வண்டி அவள் தலையில் விழுந்தது.

"சீட்டுல ஸ்பிரிங் உடைஞ்சு முதுகுல குத்துது, பாருங்க" என்று மெக்கானிக்கிடம் கொண்டுபோய் விட்டாள்.

அவன் பின்பக்கம் கையை விட்டுத் தடவினான். "இதுல ஸ்பிரிங்கே கிடையாது மேடம். வெறும் ஃபோம்தான்." கையைப் பேண்ட்டில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டான். "பின்னாடி பிள்ளைங்களை உட்கார வைக்கறீங்களா?"

வேலை தெரியாமல் ஊர்க்கதை பேசுகிறான் என்று அவனையும் கணவன் கணக்கில் சேர்த்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அடுத்த வாரம் கணவன் பெரிய காரோடு வெளியூர் போயிருந்தான். ஏழு வயது மகளை நீச்சல் வகுப்பிலிருந்து அவள்தான் கூட்டி வர வேண்டியிருந்தது. சாயங்காலம், நல்ல மழை. இடப்பக்க முன் சீட்டை மடக்கிப் பிடித்துக்கொண்டு அவள் நிற்க, மகள் நனைந்துகொண்டே ஏற மாட்டேன் என்றாள்.

"அங்க வேற ஆள் இருக்கும்மா."

காலையிலிருந்து பயத்தைப் பார்ப்பதே அவளுக்குப் பிழைப்பு. ஊசியைக் கண்டதும் மீசை வைத்த ஆம்பளைகள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். இப்போது தன் வயிற்றில் பிறந்ததுமா? நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு.

"எங்க இருக்கு?"

"உன் சீட்டுக்குப் பின்னாடி."

"இருந்துட்டுப் போகட்டும். ரெண்டு பேர் சீட்டுதான? நீ இந்த ஓரமா உட்காரு. அதையும் பெல்ட் போடச் சொல்லு."

மகள் சிரிக்கவில்லை. ஏறினாள். பெல்ட் மாட்டும் சத்தம் கேட்டது. சீட்டை நிமிர்த்திக் கதவைச் சாத்தி, சுற்றி வந்து உட்கார்ந்து வண்டியை எடுத்தாள். வைப்பர் தேய்ந்து முனகியது, கண்ணாடிகளில் உள்பக்கம் ஆவி படிந்தது, மகளின் தலைமுடியிலிருந்து வந்த குளோரின் வாடைக்குக் கீழே, பல நாள் காயாத துணியின் வாடை மெல்ல மெல்ல எழுந்து அவள் பிடரியில் வந்து நின்றது.

பின்னால் இன்னொரு முறை பெல்ட் மாட்டும் சத்தம்.

"கழட்டிக் கழட்டி மாட்டாத."

"நான் மாட்டல."

முதுகில் முட்டி பதிந்தது.

"காலை எடுடி. கழுதை."

"என் காலு சீட்டு மேல இருக்கும்மா."

தலைக்கு மேலிருந்த பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்தாள். மகள் பக்கத்து சீட்டுக்குப் பின்னால், ஜன்னலோரம் ஒடுங்கி, சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு முட்டியும் தெரிந்தன. அவள் முதுகில் இருந்த முட்டி விலகவில்லை. அதன் பக்கத்தில் இன்னொன்று வந்து பதிந்தது. வாய் உலர்ந்துபோனது. வாழ்க்கையில் முதல் தடவையாக, தன் கிளினிக் நாற்காலியில் படுத்திருப்பவர்களின் நாக்கு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது.

இரண்டு முட்டிகளும் விலகின. அது நிம்மதியாக இல்லை.

"அம்மா. இந்தப் பக்கம் வருது."

வண்டியை ஓரம் கட்டினாள். இறங்கினாள். மழை. சுற்றி ஓடினாள். அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"பெல்ட்டைக் கழட்டு. முன்னாடி தாவி வா."

"அது என் பெல்ட்டைப் பிடிச்சிருக்கும்மா."

சீட்டை மடக்கும் லீவரைத் தூக்கினாள். இழுத்தாள். சீட் ஒரு விரற்கடை முன்னால் வந்தது. திரும்பப் போனது. பூட்டு விழவில்லை. லீவர் இன்னும் அவள் கையில்தான் மேலே தூக்கியபடி இருந்தது.

"ஒன்னும் இல்லடி செல்லம், ஒன்னும் ஆகாது" என்றாள். நாளுக்கு முப்பது பேரிடம் சொல்வது. குரல்தான் அவளுடையதாக இல்லை.

மறுபடி இழுத்தாள். ஒரு விரற்கடை. திரும்பப் போனது.

ஆவி படிந்த பின் ஜன்னல் கண்ணாடியில் மகளின் இரண்டு உள்ளங்கைகளும் விரித்து ஒட்டியிருந்தன. பத்து விரல்களையும் அவள் எண்ணினாள். அவள் இழுத்துக்கொண்டிருந்த முன் சீட்டின் தோளை, பின்னாலிருந்து வந்த எட்டுக் குட்டி விரல்கள், பக்கத்துக்கு நான்காக, இறுகப் பிடித்திருந்தன.