தபசு நாளில் ஒரு தந்தி

ணங்!

மேனேஜர் சங்கரசுப்புவின் மண்டையில் இறங்கியது இரும்புப் பூட்டு. பேங்க் பெட்டக அறையின் பூட்டு!

ஒரே அடியில் ஆள் காலி. ஆனாலும் மருதப்பன் இன்னொரு முறை அடித்தான். கை ருசி கண்டுவிட்டது!

வெளியே அதிர்வேட்டு முழங்கியது. மேளம்... குலவை... சங்கரன்கோவிலே ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் பிதுங்கிக்கொண்டிருந்தது. காலை பதினோரு மணிக்கு ஒரு கொலை நடந்தால் யார் காதில் விழும்?

வாசல் ஷட்டரில் அட்டை தொங்கியது. 'ஆடித்தபசு... இன்று விடுமுறை.'

அந்த அட்டைக்காகவே இந்த நாளைத் தேர்ந்தெடுத்திருந்தான் மருதப்பன். மாடியிலேயே குடியிருந்த மேனேஜரைக் கத்திமுனையில் பேங்குக்குள் இறக்கிக்கொண்டு வந்ததும் அவன்தான்.

அவன் பருத்தி விற்பனைச் சங்கத்துச் செயலாளர். சங்கத்துக் கணக்கில் எட்டு லட்சம் ரூபாய் கிடந்தது. திருவேங்கடம், இளையரசனேந்தல் பக்கத்துச் சம்சாரிகள் கரிசலில் வெயில் குடித்து விளைவித்த பருத்தியின் விலை! அது இன்றைக்கே துபாயில் இருக்கும் மச்சினன் கணக்குக்குப் போக வேண்டும். நாளை பம்பாயில் இவனுக்கு விமானம்.

மேனேஜர் இரண்டு விரல் முறிகிற வரை மறுத்தார். பிறகு அக்கவுண்டண்ட் கோமதித்தாய்க்குப் போன் போட்டு வரச் சொன்னார். தன்னுடைய ரகசியப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். கடைசியில் போலீசுக்கு டயல் சுற்றப் பார்த்தார். பாவம், நல்ல மனுஷன். அந்த டயல் முழுதாகச் சுற்றவில்லை!

பின்கதவு தட்டப்பட்டது.

கோமதித்தாய் நுழைந்தாள். தலை நிறைய மல்லிகைப்பூ. தரையைப் பார்த்தாள்...

"வீல்!"

அடுத்த அதிர்வேட்டு அந்த அலறலையும் விழுங்கியது.

மருதப்பன் அவளைச் சுவரோடு சேர்த்து அறைந்தான். உதடு கிழிந்தது. கழுத்தில் கத்தி!

"கத்துனா அவர் பக்கத்துலயே படுக்க வேண்டியதுதான். எட்டு லட்சம்... துபாய்க்கு... இப்பவே அனுப்புட்டி!"

"இ... இங்கன இருந்து நேரா போவாது அண்ணாச்சி."

"ஏன் போவாது? கம்பி வழியா போற ரூபாதான?"

"கம்பி வழியா ரூபா போவாது. சேதிதான் போவும். நாம மெட்ராஸ் ஆபீசுக்குத் தந்தி குடுக்கணும். அவங்க துபாய் பேங்குக்கு டெலக்ஸ் அடிப்பாங்க. அங்க நம்ம பேங்குக்கு ஒரு கணக்கு இருக்கு. அதுல இருந்து எடுத்து உங்க மச்சினனுக்குக் குடுப்பாங்க."

"தந்தி யார் வேணா குடுக்கலாமே. எப்படி நம்புவான்?"

"டெஸ்ட் நம்பர் இருக்கு. தேதிக்கு ஒரு எண், மாசத்துக்கு ஒரு எண், தொகைக்கு ஒரு எண். எல்லாத்தையும் கூட்டித் தந்தியில போடணும். பாதி எண் மேனேஜர் புஸ்தகத்துல. மீதி எங்கிட்ட."

மருதப்பன் இளித்தான்.

"அவரும் இதையேதான் சொன்னாரு. நீ கூட்டு. நானும் கூட்டிப் பாப்பேன். ஒரு எண் பிசகுச்சு... ஒரு விரல் போயிரும்!"

"அண்ணாச்சி... எங்கய்யா மூக்காண்டியோட பருத்திப் பணமும் அதுலதான் கெடக்கு. தங்கச்சி கல்யாணத்துக்கு..."

சதக்!

கத்தி அவள் முழங்கையில் கோடு போட்டது. ரத்தம் லெட்ஜரில் சொட்டியது. மருதப்பனுக்கு இரக்கம் என்கிற சரக்கு எப்போதுமே ஸ்டாக் கிடையாது.

அவள் பேனாவை எடுத்தாள். ஒரு கணம் நின்றாள்.

"தேதி... இன்னைக்குத் தேதியா போடவா, அண்ணாச்சி?"

"பின்ன, நாளைக்குத் தேதியா போடுவ? இன்னைக்குத் தேதியே போடு!"

போட்டாள். கூட்டினாள். அவனும் கூட்டினான். இரண்டும் ஒன்று! வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பக் கள்ள முத்திரை குத்தி வைத்திருந்த ரிசர்வ் பேங்க் பெர்மிட்டின் எண்ணையும் தந்தியில் சேர்க்கச் சொன்னான். தபால் ஆபீசுக்கு லீவு இல்லை. போனிலேயே தந்தி வாசகத்தைச் சொன்னாள். எக்ஸ்பிரஸ் தந்தி பறந்தது.

"முடிஞ்சுதா?"

"இல்ல. பின்னாலயே உறுதிக் கடிதம் ரிஜிஸ்தர் தபால்ல போவணும். அரக்கு சீல் வச்சு. அது போவலைன்னா சந்தேகப்படுவாங்க."

"சரி, சுருக்கா வையி."

மெழுகுவத்தியைக் கொளுத்தினாள். தகர டப்பாவில் அரக்குத் துண்டுகள் உருகிக் கொதித்தன. கடிதம் எழுதினாள். எழுதினாள்... எழுதிக்கொண்டே இருந்தாள்.

ஒரு மணி நேரம் போயிற்று.

ட்ரிங்... ட்ரிங்...!

மருதப்பன் ரிசீவரை அவள் காதுக்கும் தன் காதுக்கும் நடுவில் பிடித்தான்.

"மெட்ராஸ் ஆபீஸ் பேசறோம். உங்க தந்தி வந்தது. டெஸ்ட் நம்பர் சரியா இருக்கு. துபாய்க்கு டெலக்ஸ் ரெடி பண்றோம். கொஞ்ச நேரம் அங்கேயே இருங்க."

"ச... சரி சார்."

ரிசீவரை வைத்தான் மருதப்பன். கண் மினுங்கியது. எட்டு லட்சம்! இனி இவள் எதற்கு?

பூட்டைத் தூக்கினான்.

"உங்க மேனேஜரத் தேடிப் போ மக்கா!"

அவள் டப்பாவை வீசினாள்!

கொதிக்கும் அரக்கு அவன் முகத்தில் அப்பியது. "ஐயோ!" கண் தெரியாமல் கத்தியைச் சுழற்றினான். மேஜை கவிழ்ந்தது. அவள் தோளைக் கத்தி கிழித்தது. அவள் விடவில்லை. கீழே விழுந்த பூட்டை இரண்டு கையாலும் எடுத்து அவன் முழங்காலில் ஓங்கிப் போட்டாள். எலும்பு நொறுங்கியது.

"இது எங்க சாருக்கு!"

தடாலென்று பின்கதவு உடைந்தது. துப்பாக்கியோடு நுழைந்தார் இன்ஸ்பெக்டர் நல்லகண்ணு. பின்னால் நாலு கான்ஸ்டபிள்கள்.

மருதப்பன் தரையில் புரண்டான். முகத்தில் பாதிக்கு அரக்கு சீல்!

"எப்படி... டெஸ்ட் நம்பர் சரிதான... நானே கூட்டுனேனே..."

"சரிதான் வே. அதான் மெட்ராஸ்காரன் பதறிட்டான்!" என்றார் நல்லகண்ணு. "மூடிக் கெடக்குற பேங்குல இருந்து சரியான நம்பரோட தந்தி எப்படி வரும்? யாரோ கழுத்துல கத்தி வச்சிருக்கான்னு உடனே எங்களுக்குப் போன் போட்டுட்டான். நாங்க கெளம்புன பெறகுதான் உமக்கு அந்தச் சமாதானப் போனு!"

"நம்ம ஊர்த் தபசு... மெட்ராஸ்காரனுக்கு எப்படித் தெரியும்?"

கோமதித்தாய் கிழிந்த உதட்டைத் துடைத்துக்கொண்டாள். மேனேஜரின் உடலைப் பார்த்ததும் கண் கலங்கியது. குரல் மட்டும் கலங்கவில்லை.

"உள்ளூர் லீவு விட்டா ஒரு மாசம் முந்தியே மெட்ராஸுக்கு எழுதிப் போடணும், அண்ணாச்சி. அந்த லெட்டர டைப் அடிச்சதே நான்தான். தேதிய நான் கேக்கத்தான் செஞ்சேன். நீங்கதான் இன்னைக்குத் தேதியே போடச் சொன்னீக."

விலங்கு மாட்டியது. நல்லகண்ணு மருதப்பனைத் தூக்கி நிறுத்தினார்.

"ஊரே லீவு விட்ட நாள்ல நீரு ஒருத்தர்தான் வேலை பாத்திருக்கீரு. வாரும், ஓவர்டைம் பாளையங்கோட்டை ஜெயில்ல தருவாக!"