பெர்பெக்தாவின் தட்டு

மழை கொட்டிக்கொண்டிருந்த பிற்பகலில் அந்தப் பழைய கட்டடத்துக்குள் நுழைந்தேன். ஒரு காலத்தில் கால்புண் வார்டாக இருந்த மாடி அறையில்தான் இப்போது ஆஸ்பத்திரியின் நெறிமுறைக் குழு கூடுகிறது. மனிதர்கள் மேல் மருந்தைச் சோதிக்கலாமா, கூடாதா என்று முடிவு செய்யும் குழு. வக்கீல் என்பதால் என்னையும் புதிதாகச் சேர்த்திருந்தார்கள்.

தலைவர் டாக்டர் எவரிஸ்தோ அதற்குள் சாப்பிடத் தொடங்கியிருந்தார். நூடுல்ஸ் எண்ணெய் மோவாயில் வழிந்தது.

"களிம்புச் சோதனையை ஆறு மாசம் நீட்டணும். சீக்கிரம் கையைத் தூக்கினா வீட்டுக்குப் போகலாம்."

புது மருந்து புண்ணை ஆற்றுவது உறுதியான பிறகும், பாதிப் பேருக்கு மருந்தே கலக்காத வெறும் களிம்பைத்தான் பூசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாதியில் ஒருத்தி, மீன் விற்கும் லிகாயா. வரும் வழியில் கீழ் வார்டில் அவளைப் பார்த்திருந்தேன். பாதம் கறுத்து, விரலிடுக்கில் சீழ் கட்டியிருந்தது.

"என்னை விட்டுடச் சொல்லுங்க சார். விலகினா கட்டிலைக் காலி பண்ணுன்னு மிரட்டுறாங்க. இன்னும் ஒரு மாசம் போனா காலே போயிடும்."

அது நினைவிலிருக்க, டாக்டரிடம் கேட்டேன்.

"பொதுமக்கள் சார்பா உட்கார்றவங்க எங்க? அவங்க இல்லாம ஓட்டு செல்லாதே?"

செயலாளர் மிண்டா சிரித்தபடி, காலி நாற்காலிக்கு முன்னால் ஒரு தட்டு நூடுல்ஸ் வைத்தாள்.

"பெர்பெக்தா அக்கா வந்தாச்சு! கூட்டம் நடந்ததுக்கு ஆதாரமா எடுக்கிற போட்டோவுல தட்டு தெரிஞ்சா போதும், வக்கீல் சார்."

பெர்பெக்தா போன வருடமே செத்துப்போனவள் என்பது கீழ் வார்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. இதே குழுவில் இருந்துகொண்டே, இவர்கள் பேச்சை நம்பி இதே வெறும் களிம்பைப் பூசி, வலது காலை வெட்டியும் பிழைக்காதவள்.

கொன்றவர்களே அவள் பெயரில் ஓட்டும் போடுகிறார்களே! அதைவிட மோசம், எங்கள் இலோகோஸ் ஊர்ப்பக்கம் செத்தவருக்குத் தட்டு வைத்துப் பெயர் சொன்னால் என்ன அர்த்தம் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். வா, வந்து சாப்பிடு என்று அர்த்தம்.

"பேரை மட்டும் சொல்லிடாதீங்க, டாக்டர்."

"சட்டம் படிச்சவருக்குப் பேய் பயமா?" அவர் வருகைப் பட்டியலைச் சத்தமாக வாசித்தார். "பெர்பெக்தா?"

மின்விசிறி நின்றது.

முதலில் நாற்றம் வந்தது. புண்ணின் பழைய கட்டைப் பிரிக்கும்போது எழுமே, தித்திப்பும் அழுகலும் கலந்த நாற்றம்.

நாற்காலி தானாகப் பின்னுக்கு இழுபட்டது.

தரையில் ஈரத் தடங்கள். எல்லாமே இடது கால்.

தட்டில் நூடுல்ஸ் நெளிந்தது.

டாக்டர் மெல்லுவதை நிறுத்தினார். வாய்க்குள் விரலை விட்டு எதையோ இழுத்தார். சீழ் ஊறிய கட்டுத்துணி. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது.

"சோதனையை நீட்ட நான் சம்மதிக்க மாட்டேன்," என்று கையைத் தூக்கினேன்.

காலி நாற்காலியின் முன் மேசையில் ஓர் ஈரக்கை அறைந்தது.

நீட்ட வேண்டாம் என்று ஒவ்வொரு கையாக உயர்ந்தது. கடைசியாக, வாயில் துணி தொங்க, டாக்டரின் கையும்.

அன்று மாலையே லிகாயாவுக்கு உண்மையான மருந்து போட்டார்கள். கால் தப்பியது.

அடுத்த கூட்டத்துக்குப் பொதுமக்கள் சார்பில் ஒரு தச்சர் வந்தார். உட்காரப் போனவர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டார்.

"இங்க ஏற்கெனவே யாரோ இருக்காங்க போலிருக்கே?"

டாக்டர் எவரிஸ்தோ தன் தட்டை எடுத்துவந்து அந்த நாற்காலிக்கு முன்னால் வைத்தார்.

தட்டு காலியான பிறகுதான் கூட்டத்தைத் தொடங்கினோம்.