பக்கத்து வீட்டு மகரந்தம்

காலையில் எழுந்ததும் மங்கையர்க்கரசி முதலில் கணவனின் காதுமடலைப் பார்ப்பாள். பிறகுதான் சமையலறைச் சுவரில் வளரும் எள்ளுச்செடிக்குக் கட்டளையிடுவாள். செவ்வாய்க் கிரகத்தின் குமிழ்களில் குடியிருக்கும் எல்லோர் வீட்டிலும் இதே வழக்கம்தான். காதுமடலில் பதித்த நாளவிளக்கு ரத்தக்குழாய்களின் நிலையைச் சொல்லும். விதைக்குள் எந்தக் கொழுப்பு ஊற வேண்டும் என்பதைச் செடியின் மரபணுக்கள்தானே தீர்மானிக்கின்றன? அவற்றை எழுப்பவும் தூங்கவைக்கவும் சுவரில் ஒரு திருகு இருந்தது. அரசி வீட்டுச் செடியில் கெட்ட கொழுப்பை ஊறவைக்கும் மரபணு தூங்கி வருஷக்கணக்காகிறது.

அப்படியிருந்தும் கணவன் திருமேனியின் விளக்கு பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறிவிட்டது. சிவந்தால் ஆபத்து. இதய அறுவைக்குப் பூமிக்குத்தான் போக வேண்டும். அவ்வளவு தூரப் பயணத்தை நோயுற்ற இதயம் தாங்காது.

அரசியின் சந்தேகம் நேராகப் பக்கத்து வீட்டு ஜெசிந்தாவிடம் போய் நின்றது. ஜெசிந்தாவுக்குத் தேங்காயெண்ணெய் இல்லாமல் சோறு இறங்காது. தன் எள்ளிலேயே தேங்காய்க் கொழுப்பு ஊறும்படி திருகி வைத்திருந்தாள். இரண்டு சமையலறைக்கும் காற்றுத்துளை ஒன்றுதான். அவள் செடியின் மகரந்தம் இங்கே பூவில் விழுந்தால், விதை யார் குணத்தோடு பிறக்கும்?

"சிரிச்சுச் சிரிச்சுப் பேசும்போதே நினைச்சேன்" என்று அரசி துளையில் பழைய புடவையைத் திணித்தாள். ஜெசிந்தாவோடு பேச்சையும் நிறுத்தினாள். அடுத்த அறுவடையும் வந்தது. விளக்கு செம்மஞ்சளானது.

வேறு வழியில்லாமல் மரபறிவியை வரவழைத்தாள். விதைகளை உடைத்து உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கும் இயந்திரம் அது. வந்த நேரம் மாலை. அடுப்பில் வடை வெந்துகொண்டிருந்தது. இயந்திரம் ஒரு எள்ளை நசுக்கிப் பார்த்தது.

"கலப்பு இல்லை. கெட்ட மரபணு நன்றாகத் தூங்குகிறது. எண்ணெய் சுத்தம்."

"அப்புறம் எப்படி இவருக்கு ஏறுது?"

"இந்த எள் வருவதற்கு முன் வீட்டில் எப்போது வடை சுடுவீர்கள்?"

"தீபாவளிக்கு."

"இப்போது?"

அரசி சட்டியைப் பார்த்தாள். நேற்றும் வடை, அதற்கு முந்தின நாள் பூரி.

"நல்ல எண்ணெய்தானே, ஒண்ணும் பண்ணாது" என்றார் திருமேனி, வாய் நிறைய வடையோடு.

"எண்ணெய் நல்லதுதான். அளவுதான்..." என்று தொடங்கிய இயந்திரத்தின் பேச்சை அரசி முடிக்கவிடவில்லை. தன் கைச் சமையலையா குறை சொல்கிறது? அவளுக்குக் கோபம் பொங்கியது. ஒரு நொடி மனசுக்குள் ஏதோ உறுத்தவும் செய்தது, அதைத் தள்ளிவிட்டாள். இயந்திரத்தை வாசல்வரை விரட்டிக் கதவைச் சாத்தினாள்.

"என்னங்க, இந்த மெஷினை யாரோ கைக்குள்ள போட்டுக்கிட்டாங்க. அவளாத்தான் இருக்கும்."

"எனக்கும் அப்படித்தான் தோணுது" என்று திருமேனி அடுத்த வடையை எடுத்தார்.

அரசி துளையில் இன்னொரு புடவையைத் திணிப்பதில் மும்முரமாக இருந்ததால், அவர் காதுமடல் சிவந்ததைக் கவனிக்கவில்லை.