இரண்டாவது வருகை

மதியம் ஒன்று பத்துக்குக் கதவுக் கருவியில் விரல் வைத்து பிளாசிடா உள்ளே வந்தாள். ஒன்று முப்பத்திரண்டுக்கு மறுபடியும் வந்தாள் என்றது அவள் கணினித் திரை. இடையில் அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

எதிர் மேசை ஃபெர்மின் குளிர்ந்த தெரெரே மூலிகைத் தேநீரை உறிஞ்சியபடி எட்டிப் பார்த்தான். "ரெண்டு தடவை வந்திருக்கீங்களா? அப்போ நாளைக்கு ஒருத்தி வந்தா போதும்க்கா, இன்னொருத்தி வீட்ல தூங்கட்டும்."

அசுன்சியோன் நகரம் முழுவதும் ஜன்னலை அடைத்துக்கொண்டு தூங்கும் நேரம். குடிப்பதிவு அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் இவர்கள் இருவர்தான். ஏசியின் உறுமலுக்கு அடியில் எங்கோ நீர் சொட்டும் சத்தமும், தெரெரேயின் புதினா மணத்தைத் தாண்டி ஏரிச் சேற்றின் வாடையும் அவளுக்கு வரத் தொடங்கியிருந்தன. பழைய கட்டடம், குழாய் கசிகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அவள் நிறுவிக்கொண்டிருந்த மென்பொருள் எதையும் தன்னிடம் வைத்துக்கொள்ளாது. கேட்ட நொடியில் பிறப்புப் பதிவு, இறப்புப் பதிவு, அடையாள அட்டை, அலுவலகக் கதவு என நான்கு இடங்களிலும் விசாரித்து, கிடைத்ததையெல்லாம் ஒரே ஆளாகத் தைத்துக் காட்டும். தைக்கும் விதியை எழுதியவள் அவள்தான்: அப்பாவின் குடும்பப்பெயர், அம்மாவின் குடும்பப்பெயர், பிறந்த தேதி மூன்றும் ஒத்தால் ஒரே ஆள். சோதித்துப் பார்க்கத் தன் பெயரையே கொடுத்திருந்தாள். இரட்டையர்களை மறந்துவிட்டாள். வேறு யார் மறந்தாலும் அவள் மறந்திருக்கக் கூடாது.

டெல்மிரா. ஏழு வயதில் இப்பகராய் ஏரியில் மூழ்கிப்போன அவளுடைய இரட்டைச் சகோதரி. கையை முதலில் விட்டது யார் என்று அம்மா கடைசிவரை கேட்கவில்லை. பிளாசிடாவும் சொல்லவில்லை.

முதற்பெயரும் ஒத்திருக்க வேண்டும் என்று விதியைத் திருத்தினாள். பயமாகத்தான் இருந்தது. பொத்தானை அழுத்தினாள். தையல் பிரிந்து ஒருத்தி இருவரானாள்.

டெல்மிரா ஓவியேதோ பெனேகஸ். உயிருடன் இருக்கிறார். வயது நாற்பத்தொன்று. அதில் இருந்த புகைப்படம், வீட்டு முகவரி, விரல்ரேகை எல்லாம் பிளாசிடாவுடையவை.

பிளாசிடா ஓவியேதோ பெனேகஸ். இறப்பு, வயது ஏழு. நீரில் மூழ்கி.

நான்கு மூலப் பதிவுகளையும் தனித்தனியாகத் திறந்தாள். நான்கும் அதையே சொல்லின.

"ஃபெர்மின், இங்க வந்து பாரேன்."

அவன் நிமிரவில்லை.

கதவுக்குத் தன்னைத் தெரியும். அந்த ஒரு நம்பிக்கையில், வெளியிலிருந்து விரல் வைத்துப் பார்க்க நடைகூடத்துக்கு ஓடினாள். கண்ணாடிக் கதவு பின்னால் மூடிக்கொண்டது. விரலை வைத்தாள். சிவப்பு. துடைத்துவிட்டு வைத்தாள். சிவப்பு.

"ஃபெர்மின்! கதவைத் திறடா!"

உள்ளே, அவள் நாற்காலியில் ஒருத்தி. அவள் சட்டை. சொட்டச் சொட்ட ஈரத் தலைமுடி.

ஃபெர்மின் குவளையை நீட்டினான். "இந்தாங்க டெல்மிராக்கா, ஐஸ் போட்டிருக்கேன்."

கண்ணாடியைத் தட்டப் பிளாசிடா கையை உயர்த்தினாள். கைப்பிடிக்குக் கூட எட்டவில்லை. சின்னக் கை. ஏழு வயதுக் கை. நகத்தில் சேறு. கத்த வாயைத் திறந்தாள். தண்ணீர்தான் வந்தது.

நாற்காலியில் இருந்தவள் எழுந்து வந்தாள். குனிந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அந்தச் சின்னக் கைக்கு நேராகத் தன் கையை வைத்தாள்.

பிறகு, இந்த முறை அவள் முதலில் கையை எடுத்துவிட்டாள்.